அழிக்காமல் விட்ட ஏழு

எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் அவளுக்கு லென்ஸ் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வேலை கேட்டு வந்த அன்று மேனேஜர் மூன்று மருந்து பாட்டில்களை மேசையில் வைத்து, "இதுல எது குறை, சொல்லு பாக்கலாம்" என்றாராம். இவள் மூன்றையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணும் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க மூக்குக்கண்ணாடியிலதான் இடது ஓரமா ஒரு கீறல் இருக்கு" என்றாளாம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வேலையும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது.

நான் அவளுக்கு ஜோடி. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை. என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "இவளே" என்பாள். கட்டிய புருஷனை "இந்தாங்க" என்பாள். பாட்டில்களைத்தான் நம்பர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடுவாள்.

மேசை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை, அதன் முன்னால் ஓடும் பெல்ட், பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. உலையில் உருவாகி மெல்ல ஆறி வரும் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வெளிச்சத்தைக் கடக்கும், நிமிடத்துக்கு நூறு. வாயில் விரிசல், கழுத்தில் குமிழி, அடியில் உருகாத கல் எதுவாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கையை நீட்டி எடுத்துவிட வேண்டும். பாட்டிலின் அடியோரத்தில் சின்னதாக ஓர் எண் புடைத்திருக்கும். மொத்தம் பன்னிரண்டு அச்சுகள். எந்த அச்சில் வந்தது என்பதை அந்த எண் சொல்லும். ஓர் அச்சு கெட்டுப்போனால் அதில் வரும் பாட்டில்களெல்லாம் ஒரே இடத்தில் விரிசல் விடும். அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் எங்கள் தலைக்கு மேலே இருக்கும் கரும்பலகையில் அன்றைக்குச் சந்தேகப்பட வேண்டிய நம்பரை எழுதிவிட்டுப் போவார். நாலு என்று எழுதியிருந்தால் நாலாம் நம்பர் வரும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். மற்றவற்றைச் சும்மா பார்ப்போம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து பார்க்க விடமாட்டார்கள். அதற்கு மேல் போனால் இருப்பது தெரியாது, இல்லாதது தெரியும். ஆகவே இருபது நிமிடம் அவள் பார்ப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிப்பேன். பிறகு நான் பார்ப்பேன், அவள் மடிப்பாள். பேச்சு மட்டும் நிற்காது. ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துப் பேசியதில்லை. கண் பெல்ட்டில் இருக்கும், வாய் வீட்டில் இருக்கும். அவளுடைய குடும்பக் கதை முழுவதும் எனக்குக் காது வழியாக வந்ததுதான்.

அந்தக் கண்ணை அவளால் தொழிற்சாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடிந்ததில்லை. வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். "தட்டைப் பாத்தது போதும், சாப்பாட்டைப் போடு" என்பாராம் கணவர். மகள் தான் விரும்பிய பையனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வாங்க என்று சொல்வதற்கு முன்னால், "முன்பல்லுல ஒரு கோடு ஓடுதே, எங்கயாவது விழுந்தீங்களா தம்பி?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் அந்தக் கல்யாணம் நடந்தது என்றால் பையன் பொறுமைசாலி என்றுதான் அர்த்தம்.

ஆனால் அவள் கண்ணில் அதிகமாக அகப்பட்டவள் அவளுடைய தங்கை.

பிறந்த வீட்டில் பிள்ளைகள் இவர்கள் இரண்டு பேர்தான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே மிஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். அம்மா அவளோடுதான் இருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாலு மாதம் படுக்கை. துடைப்பது, புரட்டிப் போடுவது, துணி மாற்றுவது எல்லாம் தங்கைதான். லென்ஸ் வாரத்துக்கு ஒரு நாள் போய் வருவாள். அந்தச் சமயம் பார்த்து இங்கே புது உலை ஏற்றினார்கள். எல்லோருக்கும் இரட்டை ஷிஃப்ட், லீவு என்று வாயைத் திறக்க முடியாது. கடைசி இரண்டு வாரம் அவள் போகவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது. அவள் முறை முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த ஆறு நிமிடத்தில் அவள் இரண்டு பாட்டில்களை எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன். பிறகு அந்த இரண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் விரிசல் இருந்தது.

துக்க வீட்டு வாசலிலேயே, தங்கைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓர் அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்மா, கடைசி வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போய்ட்டாங்க" என்று மூக்கை உறிஞ்சியிருக்கிறார். லென்ஸ் நேரே உள்ளே போனாள். அலமாரியில் அம்மாவின் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"அம்மா தண்ணி கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"குடுத்தியா?"

"இல்லக்கா."

அக்கா தங்கைக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் வானிலை.

உறவை ஒரேயடியாக அறுத்துக்கொண்டுவிடவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, நாலு பேர் வாய்க்குப் பயந்து, போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். மறுநாள் காலையில் எனக்கு முழு அறிக்கை வந்துவிடும். தங்கை இளைத்திருந்தால், "மனசுல குத்தம் இருந்தா சாப்பாடு எப்படி உடம்புல ஒட்டும்?" கொஞ்சம் சதை போட்டிருந்தால், "எவ்வளவு நிம்மதியா இருக்கா பாரு." பேசினால் பூசி மெழுகுகிறாள். பேசாவிட்டால் அழுத்தக்காரி. லென்ஸின் மகள் கல்யாணத்துக்குத் தங்கை தன் கையால் தைத்த எட்டுத் திரைச்சீலைகளை அனுப்பினாள். லென்ஸ் ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டு, "தையல்ல ஒரு குறை இல்ல. அப்படின்னா எவ்வளவு பயம் இருக்கணும் அவளுக்கு!" என்றாள். குறை இல்லாததே குறையாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தண்ணீர் விஷயம். "வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க மாட்டா, இவளே. மேசையில ஜாடி இருக்கும், டம்ளர் இருக்கும். நாமளே ஊத்திக் குடிச்சுக்கணும். பெத்த தாய்க்கே குடுக்காதவ நமக்கா குடுக்கப் போறா? திமிர்! உடம்பெல்லாம் திமிர்!"

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பெட்டி மடித்துக்கொண்டே ஒத்து ஊதினேன். "அப்படியா! அடிப்பாவி! மனுஷியா அவ?" என்று பதினோரு வருடம் தூபம் போட்டேன். அந்தத் தங்கையை ஒரு தடவைகூட நேரில் பார்த்தது கிடையாது. பார்க்காமலே அவளை எனக்குப் பிடிக்காது. எட்டு மணி நேர ஷிஃப்டில் நேரம் போக வேண்டுமே!

போன வருடம் கம்பெனி எங்களுக்கு மனநல வகுப்பு ஏற்பாடு செய்தது. நாங்கள் கேட்டது உலைப் பக்கத்துக்கு இரண்டு பெரிய மின்விசிறிகள். வந்தது வகுப்பு. நடத்த வந்தவர் கசங்காத சட்டையும் காதோரம் சின்ன மைக்குமாக இருந்தார். வேர்வை என்பதை அவர் பார்த்ததே இல்லை போலிருந்தது. "உங்க அனுபவம் வெளியே இருந்து வர்றதில்ல. உங்க எண்ணத்துல இருந்து வருது. மனசோட ஆரோக்கியம் எல்லாருக்கும் பிறவியிலயே இருக்கு. அதை யாராலயும் உடைக்க முடியாது. எண்ணம் அதை மூடி மறைக்குது, அவ்வளவுதான்" என்றார். உலையில் நிற்கும் ஆபரேட்டர் எழுந்து, "சார், உலைகிட்ட அடிக்கற சூடும் எங்க எண்ணந்தானா?" என்று கேட்டார். "சூடு வெளியே இருக்கு. புழுக்கம் உள்ளே இருக்கு" என்றார் இவர், புன்னகை மாறாமல். மேனேஜரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி மலர்ந்துவிட்டது. மின்விசிறி மனு அத்தோடு போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மைக்கைப் பிடுங்கி உலைக்குள் போட்டிருப்பேன். அந்த மனுஷர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு எவ்வளவோ நிம்மதி.

லென்ஸ் அந்த வகுப்பு முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மூலையில காரை விட்டுருக்கு, என்னைக்கு எவன் தலையில விழப்போகுதோ" என்றாள் வெளியே வந்ததும்.

அது நடந்து மூன்று மாதம் இருக்கும். காலை ஷிஃப்ட். பலகையில் ஏழு என்று எழுதியிருந்தது. நாங்களும் ஏழைப் பிடித்துக்கொண்டோம். ஏழாம் நம்பர் பாட்டில் வெளிச்சத்துக்கு வரும்போதெல்லாம் கழுத்துக்குக் கீழே ஒரு மயிரிழை மின்னியது. அவளுக்கும் மின்னியது, எனக்கும் மின்னியது. மூன்றில் ஒன்றை எடுத்துப் போட்டோம். வழக்கமாகக் குறைப்பட்ட பாட்டில்கள் நேரே நொறுக்கும் குழிக்குப் போய்விடும். அன்றைக்கு அச்சுப் பட்டறைக்காரர்கள் பார்க்கக் கேட்டார்கள் என்று பெட்டியில் அடுக்கி வைத்தோம். மத்தியானத்துக்குள் பதினாலு பெட்டி சேர்ந்துவிட்டது. "சனியன் பிடிச்ச ஏழு" என்று திட்டிக்கொண்டே அடுக்கினாள்.

சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் அச்சு ஃபிட்டர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சூப்பர்வைசர், முகத்தில் ஈயாடவில்லை.

"லென்ஸ், விரிசல் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டு. எனக்கு வயசாயிருச்சு போல, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றார் ஃபிட்டர்.

அவள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தின் முன் திருப்பினாள். "இதுல இல்ல. அடுத்ததைக் குடுங்க." அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, சாய்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பதினேழாவது பாட்டிலில் அவள் கை நின்றுவிட்டது.

"காலைல இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு, அப்புறம் தானா ஒட்டிக்கிச்சாக்கும்!" ஃபிட்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். ஏழாம் நம்பர் அச்சை முந்தின நாள் சாயங்காலமே கழற்றிச் சரிசெய்து மாட்டிவிட்டார்கள். அன்று காலையில் கெட்டிருந்தது பதினொன்று. சூப்பர்வைசர் புது நம்பரை எழுத மறந்துவிட்டார். பலகையில் நேற்றைய ஏழு அழிக்காமல் அப்படியே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நல்ல பாட்டில்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுவிட்டு, வாய் பிளந்த பதினொன்றாம் நம்பர்களை வழியனுப்பி வைத்திருக்கிறோம். கட்டின பெட்டிகளையெல்லாம் பிரித்து மொத்த ஷிஃப்டும் திரும்பப் பார்த்தது. பதினொன்றின் விரிசலைப் பார்க்கக் கண்ணே வேண்டாம், தடவினாலே விரலைக் கிழிக்கும்.

நான் திட்டு வாங்கினேன், துடைத்துப் போட்டேன், சாப்பிட உட்கார்ந்தேன். லென்ஸ் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"நான் பொய் சொல்லல, இவளே. நான் பாத்தேன். மின்னிச்சு."

"எனக்கும்தான் மின்னிச்சு. விட்டுத்தள்ளு."

"இல்லாதது எப்படி மின்னும்?"

"பலகையில எழுதியிருந்துச்சு, மின்னிச்சு. அந்த மைக் ஆசாமி சொன்னது இதைத்தானோ என்னவோ" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன், என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு நம்பர் எழுதினது யாரு?"

எழுதியவர் யாராக இருந்தாலும், தினமும் அந்த எழுத்தின் மேல் சாக்கட்டியால் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டவள் நான் அல்லவா?

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு தங்கை குடியிருக்கும் கட்டிடத்துக்குப் போனாள். மூன்றாவது மாடி. தங்கை வீட்டுக் கதவைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் இன்னும் அங்கேதான் இருந்தார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். விஷயத்தை இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"நானா சொன்னேன்? சொல்லியிருப்பேம்மா, எனக்கு ஞாபகமில்ல. துக்க வீட்டுல சும்மா நிக்க முடியுமா, ஏதாவது சொல்லணும்ல? போற நேரத்துல எல்லாரும் தண்ணிதானே கேக்கறாங்க." பிறகு தானாகவே, "ஆனா உன் தங்கச்சி மாதிரி எவளும் பாத்துக்க மாட்டா. ரெண்டாவது தடவை வாதம் அடிச்சதுக்கப்புறம் விழுங்கவே முடியலயே உங்கம்மாவுக்கு! வாய் வழியா ஒரு சொட்டு குடுத்தாலும் நுரையீரலுக்குப் போயிரும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணு ராவும் பகலும் பஞ்சை நனைச்சு நனைச்சு உதட்டுல வெச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. உனக்குத் தெரியாதா?" என்றார்.

உனக்குத் தெரியாதா என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

வராந்தாவில் லென்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் போகல, இவளே. அதான் விஷயம். கடைசி ரெண்டு வாரம் நான் போகல. ரெண்டாவது வாதம் வந்ததுகூட எனக்குத் தெரியாது. நான் போகாததை என்னால பாக்க முடியல, அவ குடுக்காததைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்." பிறகு ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. அழுகையும் கூடவே வந்தது. "அவ ஒண்ணும் பண்ணலடி! என் தங்கச்சி ஒண்ணும் பண்ணல!"

என் கண்ணெதிரே அவள் முகம் தெளிந்தது. பதினோரு வருடமாக இரண்டு புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவிழ்ந்து, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறவியிலேயே உள்ளே இருக்கிறது, யாராலும் உடைக்க முடியாது என்று அந்த மனுஷர் சொன்னது இதைத்தான் என்றால், நான் அதைப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொள்ளும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தங்கை கதவைத் திறந்தாள். ஒல்லி. கழுத்தில் அளவு நாடா, சட்டை ஓரத்தில் குண்டூசிகள். "வாக்கா" என்றாள், ஏன் என்று கேட்கவில்லை. நான் முதல் தடவையாக அவளைப் பார்க்கிறேன். முதல் வேலையாக அந்தத் திமிரைத் தேடினேன். கிடைத்தது, மூக்கு நுனி சற்றே மேலே தூக்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வெறும் மூக்கு என்று உறைத்தது. லென்ஸுக்கும் அதே மூக்குத்தான். என்மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"தண்ணி வேணும்னா ஜாடில இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள் தங்கை என்னிடம்.

லென்ஸ் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பலகையில் இருந்த ஏழு, பதினேழு பாட்டில்கள், பக்கத்து வீட்டு அம்மாள், டாக்டர், பஞ்சு. "நான் தப்பாப் பாத்துட்டேன்டி. அது வெறும் நெனப்பு. நீ ஒண்ணும் பண்ணல. ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"குடுத்தியான்னு கேட்ட. இல்லன்னேன். ஏன்னு நீ கேக்கல."

"நான் கேக்கலன்னா என்ன, நீயா சொல்லக் கூடாதா?"

தங்கை மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊசிக்குக் கீழே ஒரு திரைச்சீலை பாதியில் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு பேசினாள், நாங்கள் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவோமே, அந்த மாதிரி.

"மொதல்ல ரெண்டு மாசம் உன்மேல கோவமாத்தான் இருந்துச்சு. வந்தா நல்லாக் கேட்டுடணும்னு இருந்தேன். நீ வந்த. என்னை ஒரு பார்வை பாத்த. உன் கண்ணு தப்பாதுன்னு சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும்க்கா. நான் ஒளிச்சு வெச்ச எதையாவது நீ கண்டுபிடிக்காம இருந்திருக்கியா? அக்கா பாத்துட்டான்னா அங்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நானும் தேடினேன். எப்படியும் போகப்போற உசுரு. டாக்டர் சொன்னா என்ன, ஒரு வாய் குடுத்திருந்தா நனைஞ்ச தொண்டையோட போயிருப்பாங்களே? டாக்டருக்குப் பயந்தேனா, இல்ல, சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்தேனா? அப்படி ஒண்ணு எனக்குள்ள இருந்துச்சோ? தேடத் தேடக் கிடைச்சுது."

"அதெல்லாம் இல்லடி!"

"இப்ப சொல்ற. அப்போருந்து என்னால யார் கையிலயும் தண்ணி குடுக்க முடியல. டம்ளரைத் தூக்கினா கை நடுங்குது. ஜாடியை வெச்சுட்டு எடுத்துக்கோங்கன்னு சொல்லிப் பழகிட்டேன்."

லென்ஸ் கிட்டே போய் அவள் தோளில் கை வைத்தாள். "நெனப்புதான்டி அது. நெஜமில்ல. நான் நேத்து கண்ணால பாத்தேன். விட்டா விட்டுப் போயிரும். எனக்குப் போயிருச்சே!"

தங்கை அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதுதான் இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

"உனக்கு ஒரே நாள்ல விட்டுப் போயிருச்சுக்கா. ஏன்னா அது உன்னோடது. எனக்கு இது நீ குடுத்தது. நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

"நாளைக்கு இதைக் குடுத்தாகணும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். நாங்கள் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு லென்ஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போகிறாள். நானும் பல நாள் கூடப் போகிறேன், எனக்கும் அங்கே பாக்கி இருக்கிறது. தங்கை வா என்பாள், உட்காரு என்பாள், தைத்துக்கொண்டிருப்பாள். லென்ஸ் நூல் பிரித்துக் கொடுப்பாள், ஓரம் மடித்துக் கொடுப்பாள். அம்மா பேச்சை எடுத்தால் மிஷின் சத்தம் கூடும். தொழிற்சாலையிலும் ஒரு மாற்றம் வந்தது. "நம்பர் எழுதுங்க சார், ஆனா என் பக்கம் திருப்பி வைக்காதீங்க. வர்றதை நான் பாத்துக்கறேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அவள் பிடிக்கிற விரிசல் குறையவில்லை. வீட்டில் இப்போது தட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லையாம். கணவருக்கு அது ஒரே கவலை, உடம்புக்கு ஏதாவதா என்று என்னிடம் கேட்டார்.

போன மாதம் அந்த வகுப்புக்காரர் மறுபடி வந்தார். போன தடவை வகுப்பைக் கேட்டதால் யாருக்காவது வாழ்க்கை மாறியிருக்கிறதா என்று விசாரித்தார். யாரோ லென்ஸைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"மாறியிருக்கு சார். எனக்கு இப்ப நல்லா இருக்கு. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

அவர் சிரித்தபடியே, "நல்லா இருக்கறது கஷ்டமா?" என்றார்.

"அந்த ஆரோக்கியம் எல்லாருக்கும் உள்ள இருக்குன்னீங்க. என் தங்கச்சிக்கும் இருக்கா?"

"கண்டிப்பா இருக்கு. அவங்க எண்ணம் அடங்கும்போது தானா தெரியும்."

"அது அவ எண்ணம் இல்ல சார். என்னோடது. நான் இறக்கி வெச்சுட்டேன். அது அவ தலையில இருக்கு."

அவர் கைதட்டினார், அழகான பகிர்வு என்றார். மேனேஜரும் தட்டினார். லென்ஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கூரை மூலையைப் பார்க்க ஆரம்பித்தாள். காரை அப்படியேதான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். தங்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிர்நிறத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஏதோ சொல்லப் போய், புரையேறிவிட்டது. சாதாரணப் புரை இல்லை. கண் பிதுங்கி, முகம் சிவந்து, மூச்சு உள்ளே போகவில்லை. நான் எழுவதற்கு முன்னால் தங்கை எழுந்துவிட்டாள். ஜாடியைத் தூக்கி டம்ளரில் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து நடந்தாள். ஓர் எட்டு, இரண்டு எட்டு, மூன்று எட்டு. அந்தக் கை கல்லில் செதுக்கிய மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடம் பார்ப்பதே வேலையாக இருந்தவள் சொல்கிறேன், அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது எட்டில் லென்ஸுக்கு மூச்சு வந்துவிட்டது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கித் தங்கையின் கையைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைத் தங்கை பார்த்தாள். தன் கையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

தண்ணீர் திரைச்சீலை மேலும் தரையிலும் சிந்தியது. தங்கை டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, நனைந்த துணியைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் பிழியப் போனாள்.

டம்ளரில் பாதிக்குக் கீழே மிச்சம் இருந்தது. லென்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்தாள்.